இரண்டாவது முறை ஏன் போனேன் என்று கேட்பவர்களுக்கு

1

வேலை விசாவைப் புதுப்பிக்க வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். போன வாரம் என் முறை. எங்கள் ஹெல்த் சென்டரில் உள்ள இன்னொரு நர்ஸ் விடுமுறையில் போயிருந்தாள். அதனால் இடது கையில் ரப்பரைச் சுற்றி, பல்லால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, எனக்கு நானே ரத்தம் எடுத்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆமினா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடவே ஒரு படிவம். 'இந்த நாட்டில் எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறீர்கள்' என்று ஒரு கட்டம். அதில் ஒன்று என்று எழுதினேன்.

ஆமினா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஒன்றா? என் மூத்தவளுக்குத் தொப்புள்கொடி வெட்டினது நீதானே. அவளுக்குப் பத்து வயசு முடிஞ்சுபோச்சு!"

"கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான்" என்றேன்.

உண்மையும் அதுதான். பதிமூன்று வருஷம் இந்தத் தீவில் வேலை பார்த்தேன். போதும் என்று முடித்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பத்தே மாதத்தில் திரும்பி வந்துவிட்டேன். இடையில் விட்டுப் போனதால் பழைய வருஷங்களெல்லாம் கணக்கில் இல்லாமல் போய்விட்டன. புதிதாக வந்த பெண்ணைப் போல முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். இந்த மாதத்தோடு அதற்கு ஒரு வருஷம்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள்தான். பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள். "முடிச்சிட்டு வந்துட்டேன்னு சொன்னியே, திரும்ப எதுக்குப் போறே?" ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொன்னேன். காசு போதவில்லை என்றேன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் எதுவும் காரணமும் இல்லை.

2

முதல் முறை ஏன் போனேன் என்று சொல்வது சுலபம்.

நான் வில்லியனூர் கொம்யூனில் ஒரு கிறிஸ்தவப் பங்கு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பஸ்ஸுக்குப் போக மிச்சம் வருவதை வைத்து மாதக் கடைசி வரை இழுப்பது ஒரு வித்தை. என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு ஒரு காணி நிலம், பாதி கரும்பு, பாதி நெல். ஒரு வருஷம் புயலில் கரும்பு படுத்துவிட்டது. அடுத்த வருஷம் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு காலத்தில் வரவில்லை, கரும்பு பூத்துச் சக்கையாகிவிட்டது. அதே வருஷத்தில் அவருடைய அக்கா லூர்து அண்ணி, புருஷன் செத்துப்போய், பிள்ளையும் இல்லாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது என் மகள் ஜெனிக்கு நாலு வயது.

கூட வேலை செய்த ஒருத்தி மாலத்தீவுக்குப் போய், ஒரே வருஷத்தில் வீட்டுக்கு மேல்தளம் போட்டாள். எங்கள் ஊரில் மாலத்தீவு என்றாலே கண்ணைச் சிமிட்டுவார்கள். கல்யாணமான ஜோடிகள் நீலத் தண்ணீரில் நின்று படம் பிடித்துக்கொள்ளும் இடம் அது. அங்கேயும் பிள்ளை பெறுவார்கள், காய்ச்சலில் படுப்பார்கள், மருந்து கொடுக்க ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. பக்கத்து நாடுதான். திருவனந்தபுரத்தில் ஏறினால் கண் அசருவதற்குள் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு இன்னொரு சின்ன விமானம், ஒரு படகு.

பேப்பர் சேர்ப்பதற்கே எட்டு மாதம் ஆயிற்று. கோவில் ஞானஸ்நானப் பதிவில் ரோஸ்லின் மேரி. பள்ளிக்கூடச் சான்றிதழில் ரோசலின். நர்சிங் சான்றிதழில் அப்பா பெயர் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. மாமனார் பிரெஞ்சுக்காரர் காலத்து ஆள். முனிசிபல் ஆபீசை மேரி என்பார். பிறப்புப் பதிவை எத்தா சிவில் என்பார். "மேரிக்குப் போ, எத்தா சிவில்ல கேளு, அங்க எழுதினதுதான் பேரு. மத்ததெல்லாம் சும்மா" என்று தினமும் சொல்வார். அங்கே எழுதியிருந்தது நாலாவது விதம். நான்கு பெயரும் ஒரே பொம்பளைதான் என்று நோட்டரியிடம் சத்தியப் பத்திரம் வாங்கினேன். அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது.

புறப்பட்ட அன்று ஜெனி என் முந்தானையை விடவில்லை. லூர்து அண்ணிதான், "வாடி கண்ணு, கோழி குஞ்சு பொரிச்சிருக்குது பாக்கலாம்" என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அவள் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் ஆட்டோவில் ஏறினேன். சத்தம் கேட்கக் கூடாதென்று டிரைவர் தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

3

தீவைச் சுற்றி நடந்தால் நாற்பது நிமிஷம். ஹெல்த் சென்டர், பள்ளிக்கூடம், மசூதி, மீன் காயும் கரை, அவ்வளவுதான். ஜெனியின் வயதுப் பிள்ளைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊசி போட வருவார்கள். வேற்று மதத்துப் பூசைப் பொருள்களை இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் ஜெபமாலையை ஊரிலேயே விட்டுவிட்டேன். விரல்களை எண்ணித்தான் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள்.

திவேகி மொழியில் 'போடு' என்றால் பெரியது. வந்த புதிதில் டாக்டர் ஊசி எழுதினால் பழக்கத்தில் "ஊசி போடு, ஊசி போடு" என்று எனக்கே சொல்லிக்கொண்டு மருந்தை ஏற்றுவேன். படுத்திருக்கும் கிழவர்கள் பயந்து எழுந்துகொள்வார்கள். ஆமினாதான் காரணத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு ஊசி போட்டேன். இரண்டு வருஷத்தில் அவர்கள் பேச்சு எனக்கு வந்துவிட்டது. அது வர வர ஜெனியின் பேச்சு குறைந்தது.

முதல் வருஷம் போனை எடுத்ததும் "எப்பம்மா வருவே" என்பாள். ஐந்தாவது வருஷம் "இன்னா வாங்கிட்டு வருவே" என்பாள். எட்டாவது வருஷம் "அத்தைகிட்ட குடுக்கறேன்" என்பாள். நானும் வேறு என்ன கேட்டேன்? சாப்பிட்டாயா, மார்க் எவ்வளவு, அத்தை சொல்வதைக் கேள். அவள் வயதுக்கு வந்த செய்தியை அண்ணிதான் சொன்னார்கள். தண்ணி ஊற்றுவதை வீடியோவில் பார்த்தேன். யாரோ போனைத் திருப்பிப் பிடித்திருந்தார்கள். முழுச் சடங்கையும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்த்தேன். நேராகப் பிடியுங்கள் என்று கத்தினேன். நாயனச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதமும் நான் விருந்தாளி. கறி எடுப்பார்கள், துணி எடுப்பார்கள், கோவிலுக்குப் போவோம். விருந்தாளிக்கு யாரும் குறை வைக்கவில்லை. அதனால்தான் எனக்கு எதுவும் தெரியாமல் போயிற்று.

வீடு கட்டினோம். போர் போட்டோம். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் செய்தோம். மாமனாரைக் கடைசி வரை நல்லபடியாகப் பார்த்தோம். ஜெனி பிளஸ் டூவுக்கு வந்தபோது, இதற்கு மேல் எதற்கு, மகளோடு ஒரு வருஷமாவது இருப்போம் என்று ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டேன். கேக் வெட்டினார்கள். ஆமினா அழுதாள். தீவுப் பெண்கள் ஆளுக்கொரு பொட்டலம் மாசிக் கருவாடு கட்டிக்கொடுத்தார்கள்.

4

வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அண்ணி ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"நீ போய்ப் படும்மா. இத்தினி வருசம் ஒழைச்சிட்டு வந்திருக்கே."

"நான் பண்றேன் அண்ணி."

"தம்பிக்கு சக்கரை கம்மியா போடணும், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து மூன்று வருஷமாம். "உனக்கு எதுக்குக் கவலைன்னுதான் சொல்லல" என்று அவரே பிறகு சொன்னார். நான் நர்ஸ். என் புருஷனுக்குச் சர்க்கரை என்பதை டீ டம்ளரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஜெனி அத்தையோடுதான் படுப்பாள். தலையை அத்தைதான் பின்ன வேண்டும். நான் பின்னினால் வலிக்கிறது என்பாள். ஒரு நாள் சினேகிதி வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். நான் யோசிக்காமல் "நூன்" என்றேன். திவேகியில் அப்படித்தான் வேண்டாம் என்பார்கள். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அத்தே, போவட்டா?" என்றாள்.

சரி, வேலைக்காவது போவோம் என்று பார்த்தேன். நர்சிங் பதிவு காலாவதி ஆகியிருந்தது. புதுப்பிக்க அனுபவச் சான்றிதழ் வேண்டும். தீவிலிருந்து கொண்டுவந்ததை நீட்டினேன். எழுத்து ஆங்கிலம், முத்திரை திவேகி. கிளார்க் அதைத் தலைகீழாகத் திருப்பினார்.

"இது இன்னாம்மா, அரபியா?"

"திவேகி சார். மாலத்தீவு பாஷை."

"இத யாரு படிச்சிச் சொல்றது? அந்த நாட்டு எம்பசில அட்டெஸ்ட் பண்ணி எடுத்துட்டு வாங்க."

அது இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் இருந்த பெண், பழைய ஆஸ்பத்திரியில் எனக்குக் கீழே பயிற்சிக்கு இருந்தவள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல வார்டுல எடுக்கறதில்லை. வேணும்னா வீட்ல போய் பெரியவங்களைப் பார்த்துக்கற வேலை இருக்குது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இல்லை. வெளியிலும் இல்லை. மத்தியான நேரத்தில், நான் அனுப்பிய பணத்தில் கட்டிய முன்ரூமில் உட்கார்ந்திருப்பேன். எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று எனக்கு அப்போதும் சரியாகத் தெரியாது.

5

இனிமேல் சொல்லப்போவதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

ஜெனியின் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவளுக்குப் பிடிக்குமே என்று மாசிக் கருவாட்டில் குழம்பு வைத்தேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அண்ணி சட்டென்று எழுந்து முட்டை பொரித்துக் கொடுத்தார்கள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றி இல்லை, சத்தியமாக என்னைப் பற்றி இல்லை. ஆனாலும் எனக்குள் என்னவோ அறுந்தது.

மறுநாள் வயலுக்குப் போய், வரப்பில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணி கொஞ்ச நாள் மடுகரையில இருக்கட்டுமே. நான் இருக்கும்போது ஜெனி என்கிட்ட பழகட்டும்." மடுகரையில் அவருடைய தம்பி வீடு.

அவர் வரப்பிலிருந்து எழுந்துகொண்டார். "நீ போனப்ப அவங்கதான் பாத்துக்கிட்டாங்க ரோஸ்லின். நீ வந்தா அவங்க போவணுமா?"

"அப்படிச் சொல்லல."

"வேற இன்னா சொல்றே?"

அவர் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். மகளோடு இருக்க ஆசையாக இருக்கிறது என்று சுற்றி வளைத்தேன். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, "நியாயந்தாம்மா" என்றார்கள். அரை மணி நேரத்தில் அந்தப் பழைய டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். சாவிக்கொத்தை அரிசிப் பானையின் மேல் வைத்திருந்தார்கள். எந்தச் சாவி எதற்கு என்று காகிதத்தில் எழுதி அதன் கீழே செருகியிருந்தார்கள்.

ஜெனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். "அத்தை எங்க?"

சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"நீ இன்னா கேட்டாலும் பண்றேம்மா. சமைக்கிறதை சாப்பிடறேன். தலை பின்னிக்கறேன். அவங்களை எதுக்கு அனுப்பினே?"

"நான் உன் அம்மாடி."

"தெரியும்மா" என்றாள். கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில். அதுதான் என்னை அடித்தது.

மறுநாள் காலை அவள் வீட்டில் இல்லை. புத்தகப் பையும் இல்லை. எட்டு மணிக்கு மடுகரையிலிருந்து போன் வந்தது. அங்கேயிருந்துதான் பரீட்சை எழுதுவாளாம். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து எழுதினாள். நான் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பேன். "எப்படிம்மா எழுதினே?" "நல்லா." பஸ் வரும் வரை இரண்டு பேரும் நிற்போம். ஒருநாள் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு உறவுக்காரிக்கு வாங்கிக் கொடுப்பது போல.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று நானும் அவளோடு அதே பஸ்ஸில் மடுகரைக்குப் போனேன். அண்ணி தம்பி வீட்டுப் பின்கட்டில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காலில் விழப்போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

"இன்னாம்மா இது. நான் வர்றேன், நீ சொன்னா வர்றேன்."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"மன்னிக்க இன்னா இருக்குது? புள்ளையை நீ பெத்தே. சோறும் நீதான் போட்டே. நான் ஊட்டிவுட்டேன், அவ்ளோதான்." கொஞ்ச நேரம் கடலையை உடைத்தார்கள். "எனக்குப் போறதுக்கு வேற வூடு இல்லம்மா. உனக்குன்னா ஒரு நாடே இருக்குது."

குத்திச் சொல்லவில்லை. நானே மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டேன், அதில் குத்தல் இல்லை. இருப்பதைச் சொன்னார்கள்.

அவர்களை அழைத்துவந்து வீட்டில் விட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே தீவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். என் இடம் காலியாகத்தான் இருந்தது. உடனே வா என்றார்கள். உடனே வா என்று அந்தப் பத்து மாதத்தில் எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

இதுதான் காரணம். ஊரில் இடம் இல்லாதவர்கள் போகிறார்கள் என்று தெரியும். போனதாலேயே இடம் இல்லாமல் போனவர்களும் மறுபடி போகிறார்கள். இது போன பிறகுதான் தெரிகிறது.

6

இந்தத் தடவை யாரும் முந்தானையைப் பிடிக்கவில்லை. பெட்டியை ஜெனிதான் கட்டினாள். எடை மெஷினில் ஏற்றி இறக்கி, ஊறுகாயை மூன்று கவரில் சுற்றி, கனமானதை அடியில் வைத்து, அவ்வளவு கச்சிதமாகக் கட்டினாள். பதிமூன்று வருஷம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். "ஒழுங்கா சாப்புடும்மா" என்றாள். அவர் பஸ் ஸ்டாண்ட் வரை வந்தார். ஏறும்போது, "இரு-ன்னு சொல்லத் தெரியல எனக்கு" என்றார். நல்ல மனிதர். பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெனி நர்சிங் சேர்ந்தாள். வேறு ஏதாவது படியேன் என்று போனில் சொல்லிப் பார்த்தேன். "நீ படிச்சதுதானேம்மா" என்று முடித்துவிட்டாள். இப்போது முதல் வருஷம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூப்பிடுவேன். ஐந்து நிமிஷம் பேசுவாள். "அத்தைகிட்ட குடுக்கறேன்." அண்ணியும் நானும்தான் இப்போது நிறையப் பேசுகிறோம்.

நேற்று மத்தியானம், மருந்து அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஜெனி. அவளாகவே கூப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கையிலிருந்த மருந்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"அம்மா, பிஸியா?"

"இல்லடி. சொல்லு. அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாருக்காரு. பாஸ்போர்ட் எடுக்கணும்மா. சீனியருங்க எல்லாம் இப்பவே எடுத்து வெக்கிறாங்க. இன்னா இன்னா பேப்பர் வேணும்னு உன்னைத்தான் கேக்கணும்னு அத்தை சொன்னாங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எங்கடி போவப் போறே?"

"தெரியலம்மா. ஜெர்மன் கிளாஸுக்குக் கூப்பிடறாங்க. அங்கேயோ, வேற எங்கயோ."

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த வாயால் சொல்வது? சொன்னால் "சரிம்மா, போனை வெக்கிறேன்" என்பாள், மரியாதையாக. அது எனக்குத் தெரியும்.

"பேனா இருக்குதா?" என்றேன்.

"இருக்குது."

ஆதார் சொன்னேன். பிறப்புச் சான்றிதழ் சொன்னேன். அதில் அப்பா பெயர் ஸ்கூல் சர்டிபிகேட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா பார் என்றேன். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு எழுத்து மாறுதும்மா" என்றாள். அதற்கு எங்கே போக வேண்டும், எந்த ஜன்னல், காலையில் எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று சொன்னேன். கோவில் பதிவையும் ஒரு பிரதி வாங்கி வை என்றேன். அவள் கேள்வி கேட்டாள், நான் சொன்னேன், மறுபடி கேட்டாள். ஒரு இடத்தில் அந்த நாலு பெயர்க் கதையைச் சொன்னேன். சிரித்தாள். என்னிடம் சிரித்தாள். வெளியே ஆமினா ஒரு குழந்தையோடு வந்து நின்று, கொஞ்சம் பொறு என்று நான் கைகாட்டியதைப் பார்த்துப் போனாள். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. என் மகளோடு நான் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"வேற இன்னாம்மா?" என்றாள்.

எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

"இரு, இன்னும் இருக்குது" என்றேன். "எழுதிக்கோ."